அவர் காட்டிய ஏழும் இரண்டும்

போக்கரில் நான் தோற்ற பெரிய கைகளை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். என்னிடம் என்ன சீட்டு இருந்தது, மேசையில் என்ன விழுந்தது, யார் எவ்வளவு வைத்தார்கள், நான் ஏன் கால் செய்தேன் (எதிராளி வைத்த அளவுக்கு நானும் வைத்தேன்), அவ்வளவுதான். இரண்டு வருடமாக எழுதியதைச் சமீபத்தில் ஒரே மூச்சில் உட்கார்ந்து படித்தேன். எதிராளி என்று எழுதிய இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே ஆள். எங்கள் மேசையில் அவரைவிட நன்றாக ஆடுகிறவர்கள் மூன்று பேராவது இருக்கிறார்கள், அவர்களிடம் நான் இவ்வளவு இழந்ததே இல்லை. அவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. இவரை எனக்குப் பிடிக்காது. நோட்டை எத்தனை முறை புரட்டினாலும் வேறு காரணம் அகப்படவில்லை.

ஒரு கையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில் இருக்கிறது.

அன்று ஆட்டம் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். என்னிடம் ஜோடி ஜாக்கி. மேசையில் ராஜாவும் ராணியும் விழுந்துவிட்டன, அவர் பெரிதாக வைத்தார், நான் யோசித்து ஃபோல்ட் செய்தேன், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகினேன். சரியான ஃபோல்ட், இப்போதும் அதைத்தான் சொல்வேன். அவர் உடனே தன் சீட்டைத் திருப்பிப் போட்டார். ஏழும் இரண்டும், வேறு வேறு சின்னம். கையில் இரண்டு சீட்டும் மேசையில் பொதுவாக ஐந்து சீட்டும் வைத்து ஆடும் இந்த வகைப் போக்கருக்கு ஹோல்டெம் என்று பெயர்; அதை ஆடுகிறவர்களுக்குத் தெரியும், கையில் வருவதிலேயே மோசமான சீட்டு என்று பெயர் வாங்கியது அதுதான். "அழகா ஃபோல்ட் பண்ணீங்க தம்பி" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து என்னிடம் ஏஸ், பத்து. அவர் ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்), நான் மட்டும் கால். ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டில்) ஏஸ், எட்டு, மூன்று, எல்லாம் வேறு வேறு சின்னம். கொஞ்சம் வைத்தார், கால் செய்தேன். நான்காவது சீட்டான டர்னில் ராஜா. இன்னும் அதிகம் வைத்தார், கால் செய்தேன். கடைசிச் சீட்டான ரிவரில் நான்கு, பெரிதாக யாருக்கும் உதவாத சீட்டு. நடுவில் சேர்ந்த பந்தயத்தில், அதாவது பாட்-இல், 120 சிப் இருந்தது, அவர் 120 வைத்தார்.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய கணக்கு எனக்குத் தெரியும். 120 போட்டால் கிடைக்கப்போவது 240. மூன்றில் ஒரு தடவையாவது நான் ஜெயித்தால்தான் அந்தக் கால் நஷ்டமில்லாமல் இருக்கும். இப்போது அவரிடம் என்னவெல்லாம் இருக்கலாம் என்று எண்ண வேண்டும். ஒரு ஏஸ் என்னிடம், ஒன்று மேசையில், ஆக மீதி இரண்டு. ராஜா மீதி மூன்று. ஏஸும் ராஜாவும் சேர்ந்து வர 6 வழி. ஜோடி ராஜாவுக்கு 3, ஜோடி எட்டுக்கு 3, ஜோடி மூன்றுக்கு 3, ஜோடி ஏஸுக்கு 1. என்னைத் தோற்கடிக்கும் கைகளில் இவை மட்டுமே 16. அப்படியென்றால் வெறும் பிளஃப்பாக (நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் காட்டி) அவர் இதே மாதிரி மூன்று தடவையும் வைக்கக்கூடிய கைகள் 8 ஆவது இருந்தால்தான் நான் கால் செய்யலாம். ஃப்ளாப்பில் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) காத்திருக்க வழியில்லை, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. எதை நம்பி ஒருவர் அந்த மேசையில் மூன்று தடவை பிளஃப் செய்வார்? எட்டு வேண்டும், மூன்றைக்கூட என்னால் பெயர் சொல்ல முடியாது.

கால் செய்தேன். ஏஸும் ராஜாவும் காட்டினார்.

கணக்கு தெரியாமல் தோற்கவில்லை. கணக்கையே போடாமல் தோற்றேன். அந்த ஒன்றரை நிமிடம் என் கண் மேசையில் விழுந்த ஐந்து சீட்டில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. தலைக்குள் ஓடியது ஏழும் இரண்டும்தான். இந்த ஆள் மறுபடியும் என்னை ஏமாற்றப் பார்க்கிறான், இந்தத் தடவை விடமாட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் அனுபவத்தில் அப்போதும் புத்தி நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் ஆத்திரத்துக்கு வக்கீலாக வேலை செய்கிறது. 'அவர் பிளஃப் செய்கிற ஆள், இப்போதுதானே பார்த்தாய்', 'கை நடுங்குகிறது பார்', 'ஏஸ் இருந்தால் ஏன் இவ்வளவு வைக்கிறார்' என்று வாதத்துக்கு மேல் வாதம் எடுத்துக் கொடுக்கிறது. கேட்கும்போது எல்லாம் யோசனை மாதிரியே இருக்கும்.

சீட்டு ஆடுகிறவர்கள் இதற்கெல்லாம் சேர்த்து டில்ட் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பின்பால் என்ற, பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டு இயந்திரத்திலிருந்து வந்த சொல். பந்து நாம் நினைத்த பக்கம் போகவில்லையே என்று இயந்திரத்தைப் பிடித்து ஆட்டினால் டில்ட் என்று காட்டிவிட்டு நின்றுவிடும், அதற்குப் பிறகு பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை. நல்ல உவமைதான். ஆனால் டில்ட் என்று சொன்னவுடன் எல்லாரும் பேசுவது அதிர்ஷ்டத்தின் மீது வரும் கோபத்தை. ஜோடி ஏஸ் வைத்திருந்தேன், அவன் ஜோடி ராஜாவோடு ஆல் இன் போட்டு (மொத்த சிப்பையும் வைத்து) ரிவரில் மூன்றாவது ராஜாவைப் பிடித்துவிட்டான், அய்யோ அநியாயம். ஜோடி ஏஸ் 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், அதிலும் இப்படி ஆனால் வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஏஸுக்கு எதிராக ராஜா 100-க்கு 18 தடவை ஜெயிக்கத்தான் செய்யும். அந்தக் கோபம் வரும்போதே கோபம் என்று தெரிந்துவிடுகிறது. காது சூடாகும், சிப்பை எறிவது மாதிரி வைப்போம், பக்கத்தில் இருப்பவரே "கொஞ்ச நேரம் எழுந்து நட" என்பார். ஒரு மனிதரின் மீது இருக்கும் வெறுப்பு அப்படி வெளியே தெரியாது. குரல் உயராது, கை பதறாது, நிதானமாக உட்கார்ந்து தப்பு செய்வோம். அதனால்தான் அதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன்.

அப்புறம் வெகு நாள் கழித்து ஒன்று புரிந்தது. அவர் அந்த ஏழையும் இரண்டையும் ஏன் காட்டினார்? ஃபோல்ட் செய்தவருக்குச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. காட்டியது எனக்காக. அடுத்த தடவை நல்ல சீட்டு வரும்போது நான் ஃபோல்ட் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அவர் என்னைச் சீண்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு விதை போட்டுவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தார், 120 சிப் முளைத்தது. அது ஆட்டத்தின் ஒரு பகுதி, அதில் அவர் மீது குற்றம் சொல்ல எதுவுமே இல்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம், எதிராளி எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதுதானே போக்கர்? ஆமாம். மூன்று மணி நேரத்தில் எத்தனை கை ஆடினார், எத்தனை தடவை ரிவரில் வைத்தார், காட்டியபோது என்ன இருந்தது, இதெல்லாம் தகவல். நான் அன்று வைத்திருந்த தகவலை எண்ணிப் பார்த்தால் ரிவரில் அவர் காட்டிய மற்ற எல்லாக் கையும் நல்ல கை. பிளஃப் ஒன்றே ஒன்று. ஆனால் சிரிப்போடு வந்ததால் அந்த ஒன்று மட்டும் பத்துக்குச் சமமாக மனதில் உட்கார்ந்துவிட்டது.

ஏமாந்துவிட்டோம் என்ற அவமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறுப்புக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். 2003-இல் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் மிஞ்சியது இருவர், கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளரும் சாம் ஃபர்ஹா என்ற அனுபவம் மிக்க தொழில்முறை ஆட்டக்காரரும். ஒரு கையில் ஃபர்ஹாவிடம் ஒரு ஒன்பது, மேசையில் இன்னொரு ஒன்பது, மேசையில் அதைவிடப் பெரிய சீட்டே இல்லை. மனிமேக்கரிடம் வெறும் ராஜா, ஜோடிகூட இல்லை. ரிவரில் ஆல் இன் போட்டார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து ஃபோல்ட் செய்தார். பட்டமும் மனிமேக்கருக்குப் போனது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே, அவ்வளவு பெரிய மேசையில் ஏமாந்தார். கணக்குப்படிப் பார்த்தாலும், ஒருவர் பாட் அளவுக்கே வைக்கும்போது நாம் பாதித் தடவை விட்டுக்கொடுத்தாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிளஃப் செய்து லாபம் பார்க்க முடியாது. பாதியை விட்டுக்கொடுத்தால் அதில் சில பிளஃப்பாக இருக்கத்தான் செய்யும். யாரிடமும் ஏமாறவே மாட்டேன் என்று உட்காருகிறவர் எல்லாவற்றையும் கால் செய்தாக வேண்டும், அப்படிக் கால் செய்கிறவரிடம் பிளஃப் செய்யவே தேவையில்லை, நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் போதும். நான் அப்படித்தான் ஆகியிருந்தேன், அவர் ஒருவருக்கு மட்டும்.

பிடித்தவர்களிடமும் இது நடக்கிறது. என் நெருங்கிய நண்பன் ஒருநாள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான், அவனோடு தனியாக மாட்டிய ஒரு கையில் நல்ல சீட்டு வைத்துக்கொண்டு நான் செக் செய்தேன் (பந்தயம் வைக்காமல் விட்டேன்), மனசு வரவில்லை. அன்று அது நல்ல குணம் என்று நினைத்தேன். போட்டிகளில் இப்படி விட்டுக்கொடுத்து ஆடினால் அபராதம் உண்டு. அந்த விதி சரி என்று இப்போது நினைக்கிறேன். என் கருணைக்கான விலையை மேசையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. அதைவிட, அவன் அன்று எழுந்து போயிருக்க வேண்டும். நான் விட்டுக்கொடுத்ததால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மொத்தத்தையும் இழந்தான்.

தோற்றுக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் ஏன் இன்னும் பெரிதாக வைக்கிறார்கள் என்பதை 1979-இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். லாபத்தில் இருப்பவர் கையில் இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்பார், நஷ்டத்தில் இருப்பவர் நிச்சயமான சிறு நஷ்டத்தை ஏற்பதைவிட எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்ற வாய்ப்புக்குப் பாய்வார். வெறுப்பும் இதோடு சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். போன சிப் யாரிடம் போனதோ அவரிடமிருந்தே அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது. யாரிடமிருந்து வந்தாலும் சிப் சிப்தான். ஆனால் எனக்கு அவரிடமிருந்து வந்தால்தான் திருப்தி. அதற்காக மேசையில் சுமாராக ஆடும் இருவரை விட்டுவிட்டு, அவர் உள்ளே வந்த ஒவ்வொரு கையிலும் நானும் போய் நின்றிருக்கிறேன். நோட்டில் அப்படியே இருக்கிறது.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலோடு 20 நாள் ஆடினார்கள், மொத்தம் 1,20,000 கை. நிரல் நால்வரையும் வென்றது. அது கோழையாக ஆடவில்லை, தாராளமாகப் பிளஃப் செய்தது, மனிதர்கள் துணியாத அளவுக்கு வைத்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. பகலில் அந்த நால்வரும் அதன் ஆட்டத்தில் எங்கே ஓட்டை தேடினார்களோ, இரவில் அது அந்த இடங்களை எடுத்து அடைத்துக்கொண்டது. எதிரில் இருப்பவர் யார், எப்படிச் சிரித்தார் என்று அதற்குக் கவலை இல்லை. நான் இரவில் வீட்டுக்கு வந்து செய்தது என்ன? அவர் சொன்ன "தம்பி"யை நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்று. பெரிய முடிவு வரும்போது அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்து மேசையில் வைக்கிறேன், இதே ரெய்ஸ், இதே மூன்று பெட், பெயர் தெரியாத ஒருவர் வைத்திருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் மாறினால் மாறியதற்குக் காரணம் தகவலா, பழைய கணக்கா என்று பார்க்கிறேன். சில நாள் பார்க்க முடிவதில்லை. அந்த நாட்களில் அவர் இருக்கும் கைக்கு நல்ல சீட்டு இல்லாமல் போவதில்லை, அது போதாவிட்டால் எழுந்துவிடுகிறேன்.

சென்ற வாரம் மறுபடியும் அவரும் நானும். என்னிடம் இரண்டு ஜோடி. ரிவரில் மேசைக்கு நான்காவது கிளாவர் விழுந்தது, என்னிடம் கிளாவர் ஒன்றுகூட இல்லை. அவர் பாட் அளவுக்கு வைத்தார். எண்ணினேன். ஒற்றைக் கிளாவர் வைத்திருந்தாலே நான் காலி, அப்படிப்பட்ட கை அவரிடம் எத்தனையோ இருக்கலாம். ஃபோல்ட் செய்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சீட்டைத் திருப்பினார். ஆறும் ஐந்தும், கிளாவர் இல்லை. மறுபடியும் மேசை சிரித்தது. காது சூடானது, பொய் சொல்லவில்லை, நன்றாகவே சூடானது. அவர் சிப்பை இழுத்து அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த சீட்டு வந்துவிட்டது. ஒன்பதும் நான்கும். அவர் ரெய்ஸ் செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சீட்டை டீலரிடம் தள்ளிவிட்டேன்.