கைக்குழந்தையோடு கல்யாணத்துக்குப் போய்வந்தேன்

தூத்துக்குடியில் தோழிக்குக் கல்யாணம், போகிறேன் என்று சொன்னதும் வீட்டிலும் அலுவலகத்திலும் அடுக்ககத்திலும் ஒரே கேள்விதான். "குழந்தையை வெச்சுக்கிட்டா?" அதுவும் மே மாதம், அக்னி நட்சத்திரம். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். "அவ புரிஞ்சுப்பா, போன்ல வாழ்த்து சொல்லிடு" என்று எல்லாரும் பிரியமாகத்தான் சொன்னார்கள். அந்தப் பிரியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவளும் நானும் விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. அவள் கல்யாணத்தன்று சேலை கட்டிவிடுவது நான்தான் என்று இரண்டாம் வருடமே பேசி முடித்தாயிற்று. எனக்குப் பிரசவம் ஆன நான்காம் நாள், இரவு ரயிலேறிச் சென்னைக்கு வந்தாள். கையில் ஒரு ஓலைப் பெட்டி நிறைய உடன்குடி கருப்பட்டி. "லேகியத்துக்கு இதைத்தான் போடணும், கடைக் கருப்பட்டி வேண்டாம்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் தூங்கினேன். பிரசவத்துக்குப் பிறகு தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கியது அன்றுதான்.

அவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்த அன்று எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "இனிமே மாத்த முடியாதுடி, வந்துடு" என்று சிரித்தாள். குழந்தையைக் காரணம் காட்டி அவளிடம் எப்படி வரமாட்டேன் என்பது?

குழந்தை மருத்துவரிடம் கேட்டோம். பதினான்காம் வாரத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்தார். சளி, இருமல் இருப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள், முகத்தில் யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம், நண்பகல் வெயிலில் வெளியே எடுக்காதீர்கள். அவ்வளவுதான். வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று என் கணவர் கேட்டார். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், எந்த வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள் என்றார். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பயணத்தில் "தொண்டை காயும், ஒரு சங்கு தண்ணி குடு" என்று சொல்லாத பெரியவர்களே இல்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. புட்டி, பால் மாவு, கஞ்சி என்று எதையும் தூக்க வேண்டாத வயது இது. பயணத்துக்கு இதைவிட எளிதான காலம் கிடைக்காது.

எழும்பூரில் மாலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தூத்துக்குடி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஆனால் படுக்கை இரண்டடி அகலம். குழந்தையைச் சுவரோரம் விட்டு, நான் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்தேன். கீழ்ப்படுக்கை எங்களுக்கு விழவில்லை. வேலைக்குப் போகும் பையன் ஒருவன், நான் கேட்பதற்கு முன்பே தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். 2022இல் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு ஒட்டி மடக்கி விரிக்கும் குட்டிப் படுக்கை ஒன்றைச் சோதனைக்குப் பொருத்தினார்கள். அது நம் பக்கத்து ரயில்களுக்கும் வர வேண்டும் என்று அன்றிரவு விளிம்பில் கிடந்தபடி நினைத்துக்கொண்டேன். மணியாச்சி தாண்டும்போது விடிந்துவிட்டது. குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

கிளம்பும்போது என் மாமியார் குழந்தையின் கையில் வசம்பு கட்டி, நெற்றியில் பெரிய கருப்புப் பொட்டு வைத்து அனுப்பியிருந்தார். "மாதா கோயில்தானே, அவ பாத்துக்குவா" என்றார். அவர் வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை போய்வந்தவர். தூத்துக்குடியில் இறங்கியதும் தோழியின் ஆச்சி குழந்தையை வாங்கி, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். பொட்டை அழிக்காமல், சற்று மேலே. என் பிள்ளைக்கு இரண்டு பாட்டிகளின் காவலும் சேர்ந்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோவிலில் திருப்பலி, கல்யாணப் பூசை. ஏழு மணிக்கு அவளுக்குச் சேலை கட்டிவிட்டேன். நடுவில் குழந்தை அழ, பாதிக் கொசுவத்தை அவளே கையில் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் நின்றாள். கோவிலில் எங்களுக்குப் பக்கவாசல் ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே இடம் வைத்திருந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டி எந்தப் பக்கம் என்று முன்தினமே போய்ப் பார்த்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணுக்கு அன்று இருக்கும் ஆயிரம் கவலையில் இதையும் சுமந்திருக்கிறாள்.

பாதிரியாரின் மறையுரை நடந்துகொண்டிருந்தபோது குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்கன போற? இங்கனயே குடு. மாதா கோயில்ல பிள்ளைக்குப் பால் குடுக்கதுக்கு என்ன வெக்கம்?" தன் முந்தானையையும் சேர்த்து இழுத்து எனக்கு மறைப்பாக உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே போயிருந்தால் அதன் பிறகு நடந்தது எதையும் பார்த்திருக்க மாட்டேன். மறையுரை முடிந்த கையோடு வாக்குறுதி. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" என்று அவள் குரல் நடுங்காமல் சொன்னாள். அப்புறம் மந்திரித்த தாலி, அதில் புறா உருவம். மாப்பிள்ளை கட்டி முடித்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள், நான் இருந்த பக்கம்.

மறைந்த போப் பிரான்சிஸ், 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பிள்ளை பசித்தால் தயங்காமல் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். 2017இலும் அதையே சொன்னார். அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

மண்டபத்தில்தான் கஷ்டப்பட்டோம். பெரிய மண்டபம், குளிர்சாதனம், வாசலில் செல்ஃபி எடுக்கத் தனி மேடை. மணமகன் அறை இருந்தது, மணமகள் அறை இருந்தது, இரண்டிலும் நிற்க இடமில்லாத கூட்டம். பால் கொடுக்க ஓர் இடம் கேட்டபோது, சமையல்கட்டுக்குப் பின்னால் சாமான் அறையைக் காட்டினார்கள். வாழையிலைக் கட்டுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் என் கணவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, வியர்வையில் குழந்தையும் நானும் நனைந்தோம். அவன் பாதியிலேயே குடிப்பதை நிறுத்திவிட்டு அழுதான்.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015ஆம் ஆண்டு ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பராமரிப்பு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இது தேவை என்று ஒருவர் யோசித்தார். கல்யாண மண்டபத்துக்கு யாரும் கைக்குழந்தையோடு வராத நாள் உண்டா? ஒவ்வொரு கல்யாணத்திலும் குறைந்தது நான்கைந்து பேர் இருப்பார்கள். லட்சக்கணக்கில் வாடகை வாங்கும் இடத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்று, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, தாழ்ப்பாள். இதைக் கேட்க நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

"சிரமப்படாதே, வராதே" என்ற பிரியத்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பிள்ளை பெற்றவள் ஒரு வருடம் வீட்டோடு இருந்தால் எல்லாருக்கும் வசதி. அறை கட்ட வேண்டாம், படுக்கை மாற்றித் தர வேண்டாம், முந்தானை மறைப்பு தர வேண்டாம். அந்த ஒரு வருடத்தில் அவளுடைய தோழிகளுக்குக் கல்யாணம் ஆகும், பெரியவர்கள் இறந்துபோவார்கள், எல்லாம் அவள் இல்லாமல் நடக்கும். பிரசவத்துக்குப் பிறகு மனசு எவ்வளவு தனியாகிப்போகிறது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த இரண்டு நாளில் உடம்பு களைத்தது, மனசு தேறியது. யாரும் என்னைக் குழந்தையின் அம்மா என்று கூப்பிடவில்லை, விடுதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பத்திரிகை வைக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "முடிஞ்சா வா" என்று சொல்லாதீர்கள். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று கேளுங்கள். என் தோழி அதைத்தான் முதலில் கேட்டாள்.

அவள் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். போன வாரம் மண்டபம் பார்க்கப் போனவள், பால் கொடுக்க அறை இருக்கிறதா என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள். உடைந்த நாற்காலி போடும் அறை ஒன்று இருக்கிறது என்றார்களாம். அதைக் காலி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், அப்புறம் முன்பணம் தருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். நேற்று எனக்கு ஒரு படம் அனுப்பினாள். சுண்ணாம்பு அடித்த சின்ன அறை, ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு, கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள்.