தும்பாக்காரன் டியூன் போட மாட்டானா?

ரெண்டு நாளா வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆப்ரோ புளூங்கிற ஜாஸ் டியூன் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் போட்டதுன்னு சொன்ன அந்தப் பதிவையும் அதுக்குக் கீழ நடந்த கூத்தையும் நீங்களே பார்த்திருப்பீங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "விடுங்கண்ணே"ன்னு சொன்னவங்களும் உண்டு. விட முடியல.

நான் போட்டது ஒரே ஒரு வரி. "ஆப்ரோ புளூ கோல்ட்ரேன் போட்ட டியூன் இல்லைங்க, மோங்கோ சான்டமரியாவோடது." அதுக்கு வந்த பதில்: "யாரு, அந்தக் கொங்கா தட்டுறவரா?" கூடவே நாலு சிரிப்புப் பொம்மை. அதுக்கு முப்பத்தாறு லைக். (கொங்கான்னா கையால வாசிக்கிற நெட்டைத் தோல் வாத்தியம், நம்ம மேடையில தும்பா.)

பேரை மாத்திச் சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. நானும் ஆயிரம் தடவை மாத்திச் சொல்லியிருக்கேன். அந்த 'தட்டுறவரா' இருக்கு பாருங்க, அதுதான்.

மோங்கோ கியூபாவுல ஹவானாக்காரர். அம்மா வயலின் கத்துக்கச் சொன்னாங்க, பையன் கை தோலைத் தேடிப் போச்சு. பகல்ல தபால்காரர், ராத்திரி கிளப்ல வாசிப்பு. 1950 வாக்குல நியூயார்க் வந்தார். லத்தீன் இசைக் குழு நடத்தின டிட்டோ புவேன்டேகிட்ட பல வருஷம், 1957ல இருந்து வைப்ரஃபோன் வாசிக்கிற கால் ஜேடர் குழுவுல. அந்த ஜேடர் குழுவோடதான் 1959 ஏப்ரல்ல, கலிஃபோர்னியாவுல கார்மல்ங்கிற ஊர்ல நடந்த கச்சேரியில ஆப்ரோ புளூ வாசிச்சுப் பதிவாச்சு. அதே வருஷம் மோங்கோவோட சொந்த ஆல்பத்துலயும் வந்துச்சு. பாடலாசிரியர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் அதுக்குப் பாட்டு வரிகூட எழுதிட்டார். கோல்ட்ரேன் நியூயார்க்ல பேர்ட்லேண்ட் கிளப்ல அதை வாசிச்சது 1963 அக்டோபர்ல. நாலு வருஷம் கழிச்சு. போதுமா?

அந்த டியூன் எங்கேருந்து பிறந்திருக்குன்னு பாருங்க. ஆறு எண்ணுங்க. ஒரு கையில "தகிட தகிட", இன்னொரு கையில "தக தக தக". ரெண்டும் ஆறுதான், ஆனா ஒண்ணு ரெண்டாப் பிரியுது, ஒண்ணு மூணாப் பிரியுது. தொடையில தட்டிப் பாருங்க, முதல் ரெண்டு நிமிஷம் கை அடிச்சுக்கும். ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல பிடிச்சுக்கிட்டு வந்த ஜனங்களோட கியூபாவுக்கு வந்த கணக்கு அது. அந்தப் பாட்டோட எலும்பே அதுதான், மேல இருக்கிற புல்லாங்குழல் மெட்டு அதுமேல போர்த்தின தோல். இதை ஒரு தாளக்காரனைத் தவிர வேற யார் யோசிப்பாங்க, சொல்லுங்க?

"அப்ப அது மோங்கோவோடதும் இல்லையே, பரம்பரைத் தாளம்தானே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். நல்ல கேள்வி. அப்படிப் பார்த்தா ராகம்கூட யாரோடதும் இல்லைங்க, எல்லாத்தையும் பொதுன்னு எழுதிடலாம். ஆனா அந்தப் 'பொது' ஏன் எப்பவும் தோல் வாத்தியத்துக்கிட்ட வரும்போது மட்டும் ஞாபகம் வருது?

அடுத்த வாதம்: "யார் பிரமாதமா வாசிச்சாங்களோ அவங்களோடதுதான் பாட்டு." சரி, ஒத்துக்கறேன். அப்ப 'வாட்டர்மெலன் மேன்'ங்கிற டியூன் யாரோடது?

1962 கடைசியில, நியூயார்க்ல பிராங்ஸ் பகுதியில ஒரு கிளப். மோங்கோ குழுவுல பியானோவுக்கு ஆள் இல்லாம, சின்னப் பையன் ஹெர்பி ஹான்காக் சில நாள் மாத்து ஆளா வாசிக்கிறார். கூட்டம் இல்லாத ஒரு ராத்திரி. டிரம்பெட்காரர் டொனால்ட் பேர்ட் அங்கே வந்தவர், "அந்த உன் வாட்டர்மெலன் மேன் டியூனை மோங்கோவுக்கு வாசிச்சுக் காட்டு"ங்கறார். ஹெர்பி ஆரம்பிக்க, மோங்கோ கொங்காவுல சேர்ந்துக்க, ஒவ்வொருத்தரா உள்ள வர, உட்கார்ந்திருந்தவங்க எழுந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. மோங்கோ அதை ரெக்கார்டு பண்ணினார். 1963ல அமெரிக்காவோட முதல் பத்துப் பாட்டுல ஒண்ணு அது. ஜனங்க ஆடினது மோங்கோ வாசிச்சதுக்கு. ஆனா இன்னிக்கும் எல்லாரும் ஹெர்பியோட பாட்டுன்னுதான் சொல்றோம். சொல்லணும், ஏன்னா டியூன் அவரோடது.

ஆக, மோங்கோ அடுத்தவர் டியூனை ஹிட்டாக்கினா டியூன் போட்டவருக்குப் பேரு. மோங்கோ டியூனை அடுத்தவர் வாசிச்சா வாசிச்சவருக்குப் பேரு. ரெண்டு தராசு வச்சிருக்கீங்க. நடத்துங்க.

என் கதைக்கு வரேன். பழைய நண்பர்களுக்குத் தெரியும், வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் மெல்லிசைக் குழுவுல தும்பா வாசிச்சவன் நான். கியூபாக்காரன் தும்படோரான்னு சொல்றதுதான் நம்ம மேடைக்கு வந்து தும்பா ஆச்சுன்னு அப்பத் தெரியாது. ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா, மார்கழிப் பனி. தோல் தொய்ஞ்சுபோய் சத்தமே எழும்பல. தும்பா வாயை ஹாலஜன் விளக்குப் பக்கம் திருப்பி வச்சுக் காய்ச்சிக்கிட்டு இருக்கேன், கரண்ட் போயிடுச்சு. கீபோர்டு செத்துச்சு, மைக் செத்துச்சு, கூட்டம் கத்துது. விரல்ல சுத்தின பிளாஸ்டரோட இருட்டுல இருபது நிமிஷம் நான் மட்டும் வாசிச்சேன். ஜனங்க கைதட்டியே கூட வந்தாங்க. கரண்ட் வந்ததும் அறிவிப்பாளர், "பொறுமை காத்த ரசிகப் பெருமக்களுக்கு நன்றி"ன்னுட்டு, பாடகர்கள் பேரு, கீபோர்டு பேரு, கிட்டார் பேரு எல்லாம் சொன்னார். கடைசியா, "மற்றும் தாளக்கருவிகள்".

கருவிகள்! ஆள்கூட இல்ல.

கீபோர்டுக்கு அன்னிக்கு 250 ரூபாய், எனக்கு 60ம் பரோட்டாவும். பரோட்டா நல்லா இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன்.

"சொந்தக் காயத்தைக் கொண்டுவந்து ஜாஸ் மேல கொட்டாதீங்க"ன்னு சொல்வீங்க. கொட்டுவேன், இது என் பக்கம். "கோல்ட்ரேன் மேல என்ன வெறுப்பு?"ன்னும் கேட்பீங்க. வெறுப்பா! அந்த பேர்ட்லேண்ட் பதிவுல மெக்காய் டைனர் பியானோவுல ஏறி ஏறிப் போய், எல்வின் ஜோன்ஸ் பின்னாடி டிரம்ஸ்ல இடிச்சுத் தள்ள, சோப்ரானோ சாக்ஸபோன் திடீர்னு வீறிட்டுக்கிட்டு உள்ள வரும் பாருங்க, அந்த இடத்துல எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். கோல்ட்ரேனா 'இது என்னோடது'ன்னு வந்து கேட்டார்? கேட்கிறது நீங்க.

மோங்கோவோட நிக்கல இது. சானோ போசோன்னு இன்னொரு ஹவானாக்காரர், அவரும் கொங்காக்காரர்தான், எழுதின இசை படிக்கத் தெரியாது. 1947ல டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பிகிட்ட ஒவ்வொரு வாத்தியத்தோட பகுதியையும் வாயாலயே பாடிக் காட்டி உருவானதுதான் 'மன்டேக்கா'ங்கிற டியூன். அடுத்த வருஷமே சானோவை நியூயார்க்ல ஹார்லம் பகுதியில சுட்டுக் கொன்னுட்டாங்க. நம்மாளுங்க பதிவுல அது 'டிஸ்ஸியோட மன்டேக்கா'. டிஸ்ஸியே சானோ பேரை விடாம சொல்லிக்கிட்டு இருந்தவர், அது வேற விஷயம்.

மோங்கோ 2003ல மயாமியில செத்துப்போனார். நம்ம கமென்ட் பாக்ஸைப் பத்தி அவருக்கு என்ன கவலை. கவலை எனக்குத்தான்.

கமென்ட்ல ரெண்டு லிங்க் போட்டிருக்கேன், 1959 ஒண்ணு, 1963 ஒண்ணு. 59ஐ முதல்ல கேளுங்க. அந்தச் சிரிப்புப் பொம்மை தம்பியும் கேட்கலாம். இன்னும் பிளாக் பண்ணல.