அந்த ரைட் டேக்கிள் பையனைப் பற்றி

சனிக்கிழமை நம் காலேஜ் அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய படத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக மனசுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு 19 வயது. ரைட் டேக்கிள் என்றால், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவன். நம் குவார்ட்டர்பேக்கை எதிரணி பந்தோடு வீழ்த்திய மூன்று சாக் அவன் பக்கமாகத்தான் வந்தது. இரண்டு முறை பந்து நகர்வதற்கு முன்னாலேயே அசைந்துவிட்டான். கடைசி சாக்கில் பந்தும் போய், ஆட்டமும் போனது. எல்லாம் சரி. ஆனால் அவன் தரையில் குப்புறக் கிடக்கும் படத்தில் எழுத்து போட்டு, நமக்குள் சிரித்தது போதாதென்று, அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம். நாற்பது வயது தாண்டிய, வீட்டில் பிள்ளை வளர்க்கிற நாம்.

லைன்மேன், அதாவது அந்தத் தடுப்பு வரிசையில் நிற்பவன், ஒரு வருடத்தில் உருவாவதில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஹைஸ்கூலில் அவன்தான் மைதானத்திலேயே பெரிய உடம்பு. எதிரே நிற்பவன் இவனைவிட நூறு பவுண்டு குறைவு. சாய்ந்து தள்ளினாலே போதும், வேலை முடிந்துவிடும். காலேஜுக்கு வந்தால் எதிரே, குவார்ட்டர்பேக்கை வீழ்த்த ஓரத்திலிருந்து பாயும் 22 வயது டிஃபென்சிவ் எண்ட் நிற்கிறான். நான்கு வருடம் எடை தூக்கி இறுகிய உடம்பு, ஓட்டக்காரன் மாதிரி வேகம். அவனை இந்தப் பையன் பின்னால் நகர்ந்துகொண்டே தடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து முன்னால் ஓடிப் பழகிய கால்களுக்குப் பின்னால் போய்க்கொண்டே சண்டை போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். கை கொஞ்சம் முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. உள்ளேயும் வெளியேயும் இரண்டு பேர் இடம் மாறி ஓடிவந்தால், பக்கத்தில் நிற்கும் கார்டும் இவனும் பேசாமலே ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் புரிதல் அதே ஆள் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றால்தான் வரும். நம் ரைட் கார்டும் புதுப் பையன்தானே? அதைக் குழுவில் யாராவது சொன்னோமா?

போதாததற்கு ஆட்டம் வெளியூரில். அந்தச் சத்தத்தில் குவார்ட்டர்பேக்கின் குரல் அவன் காதில் விழாது. ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இரண்டு தடவை முந்திவிட்டான். நடுவர் மைக்கில் அவன் சட்டை எண்ணைச் சொன்னார். அறுபது நல்ல தடுப்பு செய்தாலும் லைன்மேன் எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பு செய்தால் மட்டும் ஸ்டேடியம் முழுக்கக் கேட்கும்.

அயோவா பல்கலைக்கழகம் நமக்குப் பகையணிதான். ஆனாலும் அவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதை உண்டு. கர்க் ஃபெரென்ட்ஸ் அங்கே தலைமைப் பயிற்சியாளரான 1999-ல் 1 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருடம் 3 வெற்றி, 9 தோல்வி. அவரே லைன்மேன்களைப் பயிற்றுவித்து வந்தவர், அதனால் லைனை அவசரப்படாமல் கட்டினார். 2002-ல் 11 வெற்றி, அவர்கள் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு ஆட்டங்களில் ஒரு தோல்வி கூட இல்லை. அந்த லைனில் இருந்த ராபர்ட் கேலரி, பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக வந்து சேர்ந்தவர். அடுத்த வருடம் அவருக்கு காலேஜ் லைன்மேன்களுக்கான அவுட்லேண்ட் டிராஃபி, தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்வு செய்யும் 2004 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனார். 2000-த்தில் அவர்களைப் பார்த்து ஒருவர் படம் போட்டிருந்தால் அவருக்கும் நிறைய லைக் வந்திருக்கும்.

பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் லைனில் ஆடிய ஜேசன் கெல்சியை எல்லோருக்கும் பிடிக்கும். ஓய்வை அறிவித்து அவர் அழுத வீடியோவை இதே குழுவில்தான் பகிர்ந்தோம். சின்சினாட்டிக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து, எதிரணியை மடக்கும் லைன்பேக்கராக இருந்து, பிறகு லைனுக்கு மாற்றப்பட்டவர். டிராஃப்டில் 191-வது ஆள். அதே ஈகிள்ஸ் டேக்கிள் லேன் ஜான்சன் ஜூனியர் காலேஜில் குவார்ட்டர்பேக். ஓக்லஹோமாவில் டைட் எண்ட், டிஃபென்சிவ் எண்ட் என்று சுற்றிவிட்டுத்தான் டேக்கிள் ஆனார். 2013-ல் நான்காவது ஆளாகத் தேர்வானார், இப்போது இரண்டு சூப்பர் பவுல் மோதிரம். இவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் நேரம் கொடுத்திருக்கிறார்.

"கெல்வின் பேங்க்ஸ் டெக்சஸில் முதல் வருடமே லெஃப்ட் டேக்கிள் ஆடவில்லையா அக்கா?" என்று கேட்பீர்கள். ஆடினார், மூன்றாவது வருடம் அவுட்லேண்டும் வாங்கினார். வகுப்பில் ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினால் மற்ற பிள்ளைகளை அடிப்பீர்களா?

"இப்போது காசு வாங்குகிறார்கள், அதனால் கேள்வி கேட்கலாம்." கேளுங்கள். 2021-லிருந்து காலேஜ் வீரர்களுக்குக் காசு வருகிறது, உண்மைதான். குவார்ட்டர்பேக்குக்கு வருவதும் லைனில் நிற்கும் பையனுக்கு வருவதும் ஒன்றா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேளுங்கள். காசு கொடுத்தால் கால் சீக்கிரம் பழகிவிடுமா? அதோடு, அந்தக் காசை நாம் யாரும் கொடுக்கவில்லை.

"போர்ட்டலில் அனுபவசாலியை எடுத்திருக்கலாமே." வீரர்கள் காலேஜ் மாறும் அந்த வழியில் எடுக்கலாம். அந்த அனுபவசாலியை வேறொரு ஊர்க்காரர்கள் மூன்று வருடம் பொறுத்து வளர்த்திருப்பார்கள். நமக்கு மட்டும் பழுத்தது வேண்டும். நாம் திட்டித் துரத்துகிற பையனும் போர்ட்டலில்தான் போவான், இரண்டு வருடம் கழித்து நம்மை எதிர்த்தே ஆடுவான்.

"சும்மா ஜாலிக்குப் போட்டது" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கு 16 வயது. பள்ளி அணியில் லெஃப்ட் கார்ட், அதுவும் மூன்றாவது வரிசையில். சின்ன வயதிலிருந்து அவனை யார் பார்த்தாலும் முதல் வார்த்தை உடம்பைப் பற்றித்தான். ஊருக்குப் போனால் "என்னடா, அம்மா உனக்கு மட்டுமே சமைக்கிறாளா" என்பார்கள். இங்கே பொங்கல் விழாவில் நடனத்துக்குப் பின் வரிசை. போட்டோவில் ஓரம். நானும் அவன் தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பயிற்சியாளர் அவனைப் பார்த்து "நீ எங்களுக்கு வேண்டும்" என்றார். அன்று அவன் வீட்டுக்கு வந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கவே கற்றுக்கொண்டேன். "பந்தைப் பார்க்காதே அம்மா, காலைப் பார்" என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். தினமும் சாயங்காலம் கராஜில் அந்தப் பின்னடி ஒன்றையே நூறு தடவை வைப்பான். நான் போனில் வீடியோ எடுப்பேன். ஒரு வருடமாக எடுக்கிறேன். முதல் மாத வீடியோவையும் போன வார வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடது கால் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், திருந்தியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை உங்கள் எல்லோருடனும் அவனும் ஹாலில் உட்கார்ந்திருந்தான். அந்த மூன்றாவது சாக்குக்கு நீங்கள் எல்லாரும் கத்தினீர்கள். "இந்தக் குண்டனை யார் உள்ளே விட்டது" என்று யாரோ சொன்னீர்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுத மாட்டேன். அவன் எழுந்து மாடிக்குப் போனான். ஞாயிறும் திங்களும் கராஜ் பக்கம் போகவே இல்லை. நேற்று நானாகக் கேட்டதற்கு, "அவன் என்னைவிட எவ்வளவோ பெட்டர் அம்மா, அவனையே இப்படிச் சொல்றாங்க" என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் வந்து அவனிடம் சொல்லுங்கள்.

அந்தப் படத்தைப் போட்டவர் அதை எடுத்துவிடுங்கள். குழுவிலிருந்து மட்டும் இல்லை, அந்தப் பையனின் பக்கத்திலிருந்தும். இந்தச் சனிக்கிழமை ஆட்டம் பார்ப்பது எங்கள் வீட்டில், சமையலும் என் முறைதான். எல்லோரும் வாருங்கள். ரைட் டேக்கிளாக அதே பையன்தான் ஆடுவான் என்று பயிற்சியாளர் நேற்றே சொல்லிவிட்டார். என் மகனையும் கீழே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.