ரெக்கரிங் செலவுக்குக் காசு கொடுத்தது யாரு?

யெர்க்கீஸ் அப்சர்வேட்டரி, அதாவது அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு ஏரிக்கரையில சிகாகோ யூனிவர்சிட்டி நடத்தின வானியல் ஆய்வுக்கூடம், அதைப் பத்திப் பேச்சு வந்தாலே ஒரே வசனம்தான் வருது. அது அந்தக் காலத்து லென்ஸ் டெலஸ்கோப், இப்ப பெரிய பெரிய மிரர் வந்துடுச்சு, சுத்துவட்டார வெளிச்சமும் ஜாஸ்தியாயிடுச்சு, அதான் 2018-ல சிகாகோ யூனிவர்சிட்டி இழுத்து மூடிட்டாங்கன்னு. இது பொய்னு சொல்ல வரலை. ஆனா நான் ஒரு காலேஜ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல பதினோரு வருஷம் உக்காந்து எழுந்தவன், இந்தக் கதைய எங்க படிச்சாலும் என் கண்ணு டெலஸ்கோப் மேல போகாது, லெட்ஜர் மேலதான் போகும். லெட்ஜர் வழியா பாத்தா அந்த இடத்துக்கு சீக்கு வந்தது 2018-ல இல்லீங்க, 1892-லயே.

எங்க செக்‌ஷன்ல ரெண்டு வார்த்தைதான் வேதம். ரெக்கரிங், நான்-ரெக்கரிங். மிஷின் வாங்குற காசு நான்-ரெக்கரிங், ஒரு தடவை வரும், ரிப்பன் வெட்டுவாங்க, கல்வெட்டுல பேர் போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க. அந்த மிஷினை ஓட்டுற ஆளுக்குச் சம்பளம், எண்ணெய், ஒழுகுற கூரை, உடைஞ்ச ஜன்னல் இதெல்லாம் ரெக்கரிங், இதுக்குன்னு ஒருத்தர் செக் எழுதி நான் பாத்ததே இல்ல.

இப்ப 1892-க்கு வாங்க. சிகாகோ யூனிவர்சிட்டி அப்பதான் ஆரம்பிச்ச புதுசு, பிரசிடென்ட் வில்லியம் ஹார்ப்பர் வசூல் பண்றதுல கில்லாடி. அவர்கிட்ட ஜார்ஜ் ஹேல்னு 24 வயசுப் பையன் வந்து சேர்றான், பணக்கார வீட்டுப் பையன், வீட்டுலயே சொந்தமா அப்சர்வேட்டரி வச்சிருந்தவன். அவன் காதுல ஒரு சேதி விழுது. கலிபோர்னியாவுல ஒரு யூனிவர்சிட்டி 40 இஞ்ச் லென்சுக்கு ஆர்டர் கொடுத்துட்டு, அங்க ரியல் எஸ்டேட் படுத்ததும் காசு கட்ட முடியாம கைவிட்டுட்டாங்க, அந்த லென்சுக்கான கண்ணாடி ரெண்டும் வாங்க ஆளில்லாம, லென்ஸ் செய்யுற ஆல்வன் கிளார்க் பட்டறையில கிடக்குதுன்னு. (கவனிச்சீங்களா, அந்த லென்ஸ் பொறந்ததே ஒரு பட்ஜெட் சாவுலதான்.) ஹேலும் ஹார்ப்பரும் நேரா போய் நின்னது சார்லஸ் யெர்க்கீஸ்கிட்ட. சிகாகோ டிராம் முதலாளி, அதுக்கு முன்னாடி பிலடெல்பியாவுல நகராட்சிப் பணத்துல கைவச்ச கேஸ்ல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவரு, பத்திரிகைக்காரங்க தினம் கிழிச்சுத் தொங்கப்போட்டுட்டு இருந்தாங்க. நல்ல பேர் வாங்க உலகத்துலயே பெரிய டெலஸ்கோப்பை விட உசத்தியா என்ன இருக்கு, மனுஷன் ஒத்துக்கிட்டாரு. எல்லாம் சேத்து சுமார் 3 லட்சம் டாலர், அந்தக் காலத்து டாலர்.

லென்ஸ், அதைத் தாங்குற மவுண்ட், டோம், கட்டடம், எல்லாத்துக்கும் காசு வந்துச்சு. நடத்துற செலவு? அது யூனிவர்சிட்டி தலையில. ஹார்ப்பர் சரின்னுட்டாரு. வேற யாரா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாங்க, அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை.

1897 மே மாசம் டெலஸ்கோப் ரெடியாகி நட்சத்திரம் பாக்க ஆரம்பிச்சு ஒரு வாரம் தாண்டினதும், மே 29 காலையில, டெலஸ்கோப்புல பாக்குறவங்களுக்காக மேல கீழ ஏறி இறங்குற மாதிரி கட்டின தரை, 75 அடி அகலம், அப்படியே பொதபொதன்னு சரிஞ்சு விழுந்துடுச்சு. ராத்திரி அதுமேல நின்னு பாத்துட்டு இருந்தவங்க வீட்டுக்குப் போயிட்டதால உயிர்ச்சேதம் இல்ல. தரையை சரிபண்ணி அக்டோபர் 21-ந்தேதிதான் திறப்பு விழாவே நடத்துனாங்க. சகுனம் பாக்குறவன் இல்ல நான், ஆனா ரிப்பேர் செலவுன்னு ஒண்ணு திறப்பு விழாவுக்கு முன்னாடியே வந்து நின்னுடுச்சு பாருங்க.

எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்ப வலிக்கிற இடம் அடுத்ததுதான். ஹேலோட அப்பா 60 இஞ்ச் கண்ணாடி ஒண்ணு வாங்கி மகன்கிட்ட கொடுத்துட்டாரு, பெரிய மிரர் டெலஸ்கோப் பண்ணிக்கோப்பான்னு, யூனிவர்சிட்டி பண்ண வேண்டியது அதுக்கு மவுண்டும் டோமும் கட்டித் தர்றது மட்டும். கட்டலை. காசில்ல. அந்தக் கண்ணாடி 1896-லேர்ந்து யெர்க்கீஸ்லயே கிடக்குது, வருஷம் போகுது, அதை வாங்கிக் கொடுத்த அப்பாவும் 1898-ல போய்ச் சேந்துட்டாரு. ஹேல் பாத்தாரு, கார்னெகி இன்ஸ்டிடியூஷன்னு புதுசா ஒண்ணு 1902-ல ஆரம்பிச்சிருந்தாங்க, அவங்க வாசல்ல போய் நின்னாரு, 1904 கடைசியில பணம் கிடைச்சதும் கலிபோர்னியாவுல மவுண்ட் வில்சன் மலைக்குக் கிளம்பிட்டாரு. போகும்போது சும்மா போகலை, அந்தக் கண்ணாடியையும் அதைத் தேய்க்கத் தெரிஞ்ச ரிட்சியையும், ஆடம்ஸ், எல்லர்மன்னு கைதேர்ந்த ஆளுங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டாரு. 1908-ல அந்த 60 இஞ்ச் அங்க ஓட ஆரம்பிச்சுச்சு, அதை வச்சு ஷாப்லிங்கிற விஞ்ஞானி நம்ம பால்வீதி எவ்ளோ பெருசு, அதுல சூரியன் நடுவுல இல்ல ஓரத்துலன்னு கண்டுபிடிச்சாரு. சிகாகோ பேர்ல வந்திருக்க வேண்டியது. ஒரு மவுண்டுக்கும் டோமுக்கும் காசு ஒதுக்காததுல போச்சு.

அதுக்கப்புறம் எட்வின் ஃப்ராஸ்ட், 1905-லேர்ந்து 1932 வரைக்கும் டைரக்டர். 1915-ல ஒரு கண்ணு போச்சு, 1921-ல இன்னொண்ணும் போச்சு, பார்வையே இல்லாம இன்னும் பதினோரு வருஷம் அப்சர்வேட்டரி டைரக்டரா இருந்தாரு. படிக்க நெகிழ்ச்சியா இருக்கும், நல்ல மனுஷன்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. ஆனா நிர்வாகமா பாத்தா புதுக் கருவி இல்ல, புது ஆளும் பெருசா இல்ல, மேலிடம் கண்டுக்கவும் இல்ல. பர்னார்ட் மாதிரி ஜாம்பவான் இருந்தாரு, ஹபிள் அங்கதான் ஆராய்ச்சி பண்ணி 1917-ல டாக்டர் பட்டம் வாங்கினாரு, ஆனா அதுக்கப்புறம் ஹபிள் வேலைக்குச் சேந்தது எங்க? மவுண்ட் வில்சன்லதான்.

1932-ல ஓட்டோ ஸ்ட்ரூவ வர்றாரு. ரஷ்யாவுல தலைமுறை தலைமுறையா வானியல் பண்ண குடும்பம், உள்நாட்டுப் போர்ல தோத்த பக்கம் சண்டை போட்டு அகதியா கான்ஸ்டான்டிநோப்பிள்ல கிடந்து 1921-ல யெர்க்கீஸ் வந்த ஆளு. இவர் பண்ணின வேலை இருக்கே, எந்த அக்கவுண்டன்டும் எழுந்து நின்னு கை தட்டணும். டெக்சாஸ்ல மெக்டொனால்டுன்னு ஒரு பேங்க் முதலாளி, கல்யாணம் ஆகாதவரு, 1926-ல செத்தப்போ சொத்துல பெரும்பகுதிய டெக்சாஸ் யூனிவர்சிட்டிக்கு அப்சர்வேட்டரி கட்டன்னு உயில் எழுதி வச்சுட்டாரு. சொந்தக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, புத்தி சரியில்லாம எழுதிட்டாருன்னு. கடைசியில சமரசம் ஆகி யூனிவர்சிட்டி கைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல வந்துச்சு. ஆனா அங்க வானியல் துறையே கிடையாது, ஆளே இல்ல. யெர்க்கீஸ்ல ஆள் இருக்கு, காசில்ல. ஸ்ட்ரூவ ரெண்டையும் முடிச்சுப் போட்டாரு, டெலஸ்கோப்பும் கட்டடமும் உங்க செலவு, விஞ்ஞானிகளும் சம்பளமும் எங்க செலவுன்னு 30 வருஷ ஒப்பந்தம். 82 இஞ்ச் டெலஸ்கோப் 1939 மே-ல திறந்தாங்க, அன்னைக்கு உலகத்துலயே ரெண்டாவது பெருசு. சனியோட நிலா டைட்டனுக்குக் காத்து மண்டலம் இருக்குன்னு யெர்க்கீஸ் விஞ்ஞானி கைப்பர் கண்டுபிடிச்சது அதுலதான்.

ஸ்ட்ரூவ ஆள் எடுத்ததும் அதே மாதிரிதான், நாடு பாக்கலை, திறமை பாத்தாரு. 1937-ல வந்தவர் நம்ம வானியல் விஞ்ஞானி சந்திரசேகர், மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவரு. அவர் ரெண்டே ரெண்டு பசங்களுக்குப் பாடம் எடுக்க யெர்க்கீஸ்லேர்ந்து சிகாகோவுக்கு 80 மைல் கார் ஓட்டிட்டுப் போனாரு, ரெண்டு பேருமே நோபல் வாங்கினாங்கங்கிற கதைய எல்லாரும் சொல்லிட்டாங்க, விடுங்க. எனக்கு முக்கியம் 1938-ல நடந்த ஒரு சின்ன விஷயம். சிகாகோ கேம்பஸ்ல ஒரு ஆரம்ப நிலை கோர்ஸ், யார் யார் பாடம் எடுக்குறாங்கன்னு ஸ்ட்ரூவ போட்ட லிஸ்ட்ல சந்திரசேகர் பேர் இருக்கு. டீன் கேல் தோல் நிறத்தைச் சொல்லி அவர் வேண்டாம்னுட்டாரு. ஸ்ட்ரூவ நேரா பிரசிடென்ட் ஹட்சின்ஸ்கிட்ட போனாரு, ஹட்சின்ஸ் அவரே எடுக்கட்டும்னு சொல்லிட்டாரு, முடிஞ்சது. ஒரு டீன், ஒரு டைரக்டர், ஒரு பிரசிடென்ட், மூணு மேஜை, அதுல நடு மேஜையில இருந்தவர் நமக்கெதுக்கு வம்புன்னு அந்தப் பேரை அடிச்சிருந்தாருன்னா? நான் ஆபீஸ்ல பாத்த நடு மேஜைக்காரங்க முக்காவாசிப் பேர் அடிச்சிருப்பாங்க. இருபத்தேழு வருஷம் அந்த ஏரிக்கரையிலயே வாழ்ந்த மனுஷன், 1952-லேர்ந்து 1971 வரைக்கும் ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னலுக்கு எடிட்டரா உக்காந்த மனுஷன், 1983-ல நோபல்.

ஸ்ட்ரூவவும் கடைசியில நிர்வாகத்துல நொந்துதான் போனாரு. 1947-ல பொறுப்பைப் பிரிச்சு கைப்பரை டைரக்டராக்கி, தான் துறைத் தலைவரா உக்காந்தாரு. ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி, எப்படி ஒத்துவரும். 1950-ல பெர்க்லி போயிட்டாரு. கைப்பர் 1960-ல அரிசோனா போயிட்டாரு. டெக்சாஸ்காரங்க 30 வருஷத்துல சொந்தமா ஆள் சேத்து சொந்த டைரக்டரைப் போட்டு, 1960-கள்ல மெக்டொனால்டை முழுசா எடுத்துக்கிட்டாங்க, ஒப்பந்தம் அப்படித்தானே, தப்பு சொல்ல முடியாது. சந்திரசேகரும் 1964-ல சிகாகோவுக்கே வீடு மாத்திட்டாரு. அதாவது ஆள் ஒவ்வொருத்தரா கிளம்பி, கடைசியில மிச்சம் கட்டடம், டோம், லென்ஸ். எதுக்கு 1892-ல காசு வந்துச்சோ அது மட்டும்.

அதனால 2006-ல சுத்தியிருக்கிற நிலத்துல வீடுகளும் ஸ்பா ஹோட்டலும் கட்டுற கம்பெனிக்கு விக்கப் பாத்தப்பவோ (ஊர்க்காரங்க எதிர்த்து அது நின்னுச்சு), 2018 அக்டோபர் 1-ல மூடினப்பவோ எனக்கு யூனிவர்சிட்டி மேல பெருசா கோவம் வரலை. ஆராய்ச்சி பண்ற ஆளுங்க வேற டெலஸ்கோப்புக்குப் போயாச்சு, இது வருஷா வருஷம் காசு தின்னுட்டு இருக்கு, எந்த ஃபைனான்ஸ் ஆபீசரும் அதே நோட்டைத்தான் போட்டிருப்பான், நானும் போட்டிருப்பேன். 2020 மே-ல அந்த ஏரியாக்காரங்க சேந்து ஆரம்பிச்ச ஒரு ஃபவுண்டேஷன்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க, 2022-ல மறுபடி திறந்து ஆளுங்க போய்ப் பாக்குறாங்க. சந்தோஷம்.

சரி, ரெக்கரிங் செலவுக்குக் காசு கொடுத்தவங்களே இல்லையான்னா, இருக்காங்க, ஒருத்தங்க. ஹார்வர்டு அப்சர்வேட்டரிக்கு அன்னா டிரேப்பர்னு ஒரு அம்மா, வீட்டுக்காரர் ஹென்றி டிரேப்பர் 1882-ல இறந்ததும், 1886-லேர்ந்து அவர் ஞாபகமா பணம் கொடுத்தாங்க. எதுக்கு? கட்டடத்துக்கு இல்ல, நட்சத்திரங்களோட ஸ்பெக்ட்ரம், அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்ச படம், அதை எடுத்து தரம் பிரிக்கிற தினசரி வேலைக்கு. அந்த வேலையப் பண்ணின பொண்ணுங்களுக்கு மணிக்கு 25 சென்ட்ல ஆரம்பிச்ச சம்பளம், அது அநியாயம்தான், ஆனா வேலை நிக்காம நடந்துச்சு. 1918-லேர்ந்து 1924-க்குள்ள 2,25,300 நட்சத்திரம் கேட்டலாக்ல ஏறுச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எச்டி, ஹென்றி டிரேப்பர். இன்னைக்கும் எந்த நாட்டு விஞ்ஞானியும் எச்டி 209458-னு எழுதுறாங்கன்னா அந்தம்மா வீட்டுக்காரர் பேரைத்தான் எழுதுறாங்க. யெர்க்கீஸ் பேர் ஒரு கட்டடத்து மேல.

அதே ஹார்வர்டுல இன்னொரு கூத்தும் நடந்துச்சு. சிசிலியா பெய்ன், நட்சத்திரத்துல பெரும்பகுதி ஹைட்ரஜன்தான்னு 1925-ல முதல்ல சொன்னவங்க, அவங்க சம்பளத்தை ரொம்ப நாளைக்கு உபகரணச் செலவுங்கிற தலைப்புல போட்டாங்க. உபகரணம். ஸ்பெக்ட்ரோகிராஃபுக்குப் பக்கத்துல ஒரு என்ட்ரி. பொண்ணுக்கு முறையா பதவி கொடுக்க மேலிடம் ஒத்துக்கலை, அதனால டைரக்டர் ஷாப்லி அந்தத் தலைப்புல நுழைச்சு சமாளிச்சாரு. வவுச்சர் போட்டவன் என்ன நினைச்சிருப்பான்னு எனக்கு ரொம்ப நாளா யோசனை.

கலிபோர்னியாவுல இருக்குற லிக் அப்சர்வேட்டரிய விட்டுட்டேன். ஜேம்ஸ் லிக் 7 லட்சம் டாலர் எழுதி வச்சுட்டு 1876-ல செத்தாரு, அவர் உடம்பை 1887-ல எடுத்துட்டு வந்து அந்த 36 இஞ்ச் டெலஸ்கோப்போட தூணுக்கு அடியிலயே புதைச்சுட்டாங்க, அடுத்த வருஷம் கலிபோர்னியா யூனிவர்சிட்டி கைக்குப் போச்சு. எனக்கு இதைப் படிச்சப்ப தோணினது, மனுஷன் விவரமானவரு, இதை விக்கணும்னா என்னையும் சேத்து வித்துக்கோன்னு படுத்துட்டாரு. அப்படியும் 2013-ல யூனிவர்சிட்டி ஆபீஸ்லேர்ந்து 2018-க்குள்ள காசை நிறுத்தப் போறோம்னு லெட்டர் வந்துச்சு, விஞ்ஞானிங்க கத்தி 2014-ல வாபஸ் வாங்க வச்சாங்க, 2015-ல கூகுள் 10 லட்சம் டாலர் கொடுத்துச்சு. ரெண்டு வருஷத்து நடத்துற செலவுக்கு.