கொசு தானே, அது பாட்டுக்கு வளரும்னு சொல்றவங்களுக்கு

"கொசு வளர்க்கவா உங்களுக்குச் சம்பளம், எங்க வீட்டு வாளியிலயே சும்மா வளருதே"ன்னு இன்னும் எத்தனை பேர் வாயாலதான் கேக்குறது. லேப்ல மலேரியா கொசு வளர்க்குறதுதான் என் வேலை. அய்யா, உங்க வாளியில வளருறது பெரும்பாலும் டெங்கு பரப்புற ஏடிஸ். அது முட்டைய பேப்பர்ல பக்குவமா காயவச்சு டப்பாவுல போட்டா மாசக்கணக்குல கிடக்கும், வேணும்னா தண்ணியில போட்டு பொரிச்சுக்கலாம், ஏடிஸ் வளர்க்குறவங்க நிம்மதியா லீவு போடுவாங்க. மலேரியா பரப்புற அனோபிலிஸ் முட்டை காஞ்சா அவ்ளோதான், ஈரத்துல வச்சாலும் ரொம்ப நாள் தாங்காது. எடுத்து வைக்க வழியில்லாததால தலைமுறை தலைமுறையா உயிரோடவே ஓட்டணும், ஒரு தலைமுறை விட்டுச்சுன்னா காலனியே, அதாவது லேப்ல வளர்ற அந்தக் கொசுக் கூட்டமே, காலி. ஞாயித்துக்கிழமையும் புழு வளர்ற ட்ரே பாக்கணும், பியூப்பா (கூட்டுப்புழு) பொறுக்கணும், வளர்ந்த கொசுவுக்குப் பஞ்சுல 10 சதவீத சர்க்கரைத் தண்ணி மாத்தணும்.

சாப்பாடு இருக்கே, அது தனிக் கொடுமை. மீன் தீனியப் பொடிச்சு ஒரு சிட்டிகை போடுறோம், அது கொஞ்சம் கூடிட்டா மறுநாள் தண்ணிமேல வெள்ளையா ஏடு கட்டி நாறும். அனோபிலிஸ் லார்வா (புழு) தண்ணி மட்டத்துல படுத்துக்கிட்டே மூச்சு விடுற ஜென்மம், அந்த ஏடு அடைச்சா முழு ட்ரேயும் செத்து மிதக்கும், டிஷ்யூ பேப்பரை மேல விரிச்சு விரிச்சு எடுத்தாலும் பாதிதான் தேறும். சரி கொறைச்சுப் போடுவோம்னா பட்டினியில ஒன்னை ஒன்னு தின்னுது!

இதெல்லாம் லேப்ல பழகின ஸ்டெபென்சி, கேம்பியேங்கிற அனோபிலிஸ் இனங்களோட கதை. வெளியில புதுசா பிடிச்சுட்டு வந்து காலனி போடுங்கன்னு சுலபமா சொல்லிட்டுப் போறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. பல இனத்துல ஆண் கொசு அந்தி நேரத்துல திறந்த வெளியில கூட்டமா பறந்தாதான் ஜோடி சேரும், சின்னக் கூண்டுல கண்டுக்கவே கண்டுக்காது. டைரஸ், மினிமஸ் மாதிரி இனங்களுக்கு நாமதான் சேர்த்து வைக்கணும்: ஆணோட தலைய வெட்டி, பொண்ணை ஈதர்ல மயக்கி, ரெண்டு வால் நுனியையும் ஊசி முனையில ஒட்டவைக்கணும், ஒவ்வொன்னா, பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு! ஃப்யூனெஸ்டஸ்னு இன்னொரு அனோபிலிஸ் இனம் பல வருஷம் எந்த லேப்லயும் உருப்படியா நிக்கல, மொசாம்பிக்ல 2000-ல பிடிச்ச ஃபுமோஸ் காலனிதான் ஒருவழியா ஊன்றி நின்னது. அப்புறம் சூடுபண்ணின ரத்தத்தை பாராஃபிலிம்ங்கிற மெல்லிசான மெழுகுத் தாள் வழியா குடுத்தா, காட்டுலேர்ந்து வந்த மகாராணிங்க மூஞ்சியத் திருப்பிக்கும்.

இவ்ளோ பாடுபட்டு 27 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்னு ரூமை காப்பாத்திட்டு வந்தா, ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏசின்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டுப் போறாரு நிர்வாகத்துல ஒரு மகான். சார், ஆள் இல்லைதான், உள்ள ஆயிரக்கணக்குல உசுரு இருக்கு. இதுல திங்கக்கிழமை வந்து பூச்சிக்கொல்லி டெஸ்டுக்கு ஒரே வயசுல பொண்ணு கொசு ரெடியான்னு கேக்குறாரு, அதுவும் சிரிச்சுக்கிட்டே.