ஆளுநர் எயர் நல்லவரா?

ஆங்கிலேய ஆளுநர்கள் என்றாலே நமக்கு இரண்டு கூடைதான். மன்றோ நல்லவர் கூடையில். பஞ்சாபை ஆண்ட ஓட்வயர் கெட்டவர் கூடையில். எட்வர்ட் ஜான் எயரை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பழங்குடிகளுக்காகப் பரிந்து பேசிய மனிதர், ஜமைக்காவில் நானூறுக்கு மேற்பட்டவர்களின் சாவுக்குப் பொறுப்பானது எப்படி என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் புதிர் எதுவும் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே எயர்தான்.

1815இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பதினேழு வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, ஆட்டு மந்தை ஓட்டிப் பிழைத்தார். 1841இல் அந்தக் கண்டத்தின் தென்கரையை ஒட்டிய வறண்ட வெளியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். துணைக்குப் போன பாக்ஸ்டர் வழியிலேயே கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் எயரும், வைலி என்ற நூங்கார் பழங்குடி இளைஞனும் மட்டுமே. கடைசிவரை கூடவே நடந்தவன் வைலி. ஏரிக்கும் நெடுஞ்சாலைக்கும் வைத்ததோ எயரின் பெயரை. (ஏரிக்கு மட்டும் 2012இல் அதன் பழைய பெயரான கட்டி தண்டாவையும் சேர்த்துக்கொண்டார்கள்.)

அதன்பின் மர்ரே ஆற்றங்கரையில் மூருண்டி என்ற இடத்தில் நடுவராகவும் பழங்குடிகளின் பாதுகாவலராகவும் பதவி கிடைத்தது. பழங்குடிகளை வரவழைத்து மாவு கொடுத்தார், பூசல்கள் அடங்கின. தகராறுகளுக்குப் பெரும்பாலும் வெள்ளையர்களே காரணம் என்று 1845இல் புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருணையின் அமைப்பைப் பாருங்கள். அளந்து போடுகிறவர் அவர், வாங்குகிறவர்கள் அவர்கள். எதிரில் உட்கார்ந்து கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை. அப்படி இருக்கும்வரை எயர் நல்லவராகவே இருந்தார்.

நியூசிலாந்து, செயின்ட் வின்சென்ட், ஆன்டிகுவா என்று சில பதவிகள். 1862இல் ஜமைக்காவுக்குத் தற்காலிக ஆளுநர், 1864இல் நிரந்தரம். அங்கே அடிமைமுறை ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நல்ல நிலமெல்லாம் இன்னும் தோட்ட முதலாளிகளிடம்தான். வறட்சி ஒரு பக்கம், அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஏறிய விலைவாசி மறுபக்கம். செயின்ட் ஆன் பகுதி ஏழைகள், அரசுக்குச் சொந்தமான நிலத்தில் பயிரிட அனுமதி கேட்டு விக்டோரியா அரசிக்கு மனு எழுதினார்கள். முதலாளியிடம் ஒழுங்காகக் கூலிக்கு உழையுங்கள், வாழ்வு மேம்படும் என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. எயர் அதை 'அரசியின் அறிவுரை' என்று அச்சடித்துத் தீவு முழுவதும் பரப்பினார். 1865 ஆகஸ்டில் ஸ்டோனி கட் என்ற மலைக்கிராமத்திலிருந்து பாப்டிஸ்ட் டீக்கன் (திருச்சபை ஊழியர்) பால் போகிள், ஊராருடன் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நடந்து, ஆளுநரிடம் முறையிட அன்றைய தலைநகரான ஸ்பானிஷ் டவுனுக்கு வந்தார். ஆளுநர் பார்க்க மறுத்துவிட்டார்.

அக்டோபர் 11 அன்று அதே போகிள் மோரண்ட் பே நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார். காவல் படை சுட்டது. கூட்டம் நீதிமன்றத்துக்குத் தீ வைத்தது. இரு தரப்பிலும் சேர்த்து 25 பேர் வரை செத்தார்கள்.

ஆனால் எயரின் நினைப்பு போகிளைத் தாண்டி வேறொருவர் மேல் இருந்தது. ஜார்ஜ் வில்லியம் கார்டன் ஒரு ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். தன் முயற்சியில் வியாபாரியாகி, நிலம் வாங்கி, சட்டமன்ற உறுப்பினரானவர். அவையில் எழுந்து நின்று எயரின் நிர்வாகத்தைக் கிழித்தவர். மாவு கேட்டு வந்தவர் அல்லர், கணக்குக் கேட்டு வந்தவர்.

கலவரத்தன்று கார்டன் மோரண்ட் பேயில் இல்லை, கிங்ஸ்டனில் இருந்தார். எயர் படைச்சட்டம் (இராணுவ ஆட்சி) பிறப்பித்தபோது கிங்ஸ்டனை அதிலிருந்து விலக்கியிருந்தார். அதாவது கார்டன் மேல் வழக்கு என்றால் சாதாரண நீதிமன்றம், சாட்சி, ஜூரி எல்லாம் வேண்டும். தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்து கார்டன் தானே போய்ச் சரணடைந்தார். எயர் அவரைப் போர்க்கப்பலில் ஏற்றி, தானும் அதே கப்பலில் ஏறி, படைச்சட்டம் நடக்கும் மோரண்ட் பேக்குக் கொண்டுபோனார். ஒரு கடற்படை லெப்டினன்ட் தலைமையில் மூன்று இளம் அதிகாரிகள் சனிக்கிழமை விசாரித்தார்கள். தீர்ப்பு எயரிடம் போனது, ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை, அக்டோபர் 23, கார்டனைத் தூக்கிலிட்டார்கள், மறுநாள் போகிளை. கலவர பயத்தில் செய்த தவறு என்று இதைச் சொல்ல என்னால் முடியாது. பயந்தவன் கைதியைக் கப்பலேற்றி, சட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டவைத்துக் கொல்ல மாட்டான்.

படைக்கு எதிர்ப்பே இல்லாத நிலையிலும் வேட்டை வாரக்கணக்கில் நடந்தது. அரச விசாரணைக் குழுவின் கணக்குப்படி 439 பேர் சாவு, குறைந்தது 600 பேருக்குச் சவுக்கடி, 1000 வீடுகள் சாம்பல். பாத் என்ற ஊரில் சவுக்கு வாரில் கம்பி சுற்றி அடித்திருக்கிறார்கள், பெண்களும் தப்பவில்லை. கலவரத்தை விரைந்து அடக்கியதற்கு எயரைப் பாராட்டி, படைச்சட்டத்தை நீட்டித்ததற்காகக் கண்டித்தது குழு. வேலை போனது.

தண்டனை? அதற்குமுன்பே ஜமைக்கா சட்டமன்றம் அதிகாரிகள் மேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதற்கு ஒப்புதல் தந்தவர் ஆளுநர், அதாவது எயரே. தன்னைக் காக்கும் சட்டத்துக்குத் தானே கையெழுத்திடுவதா என்று, ஜமைக்காவில் பாதிக்கப்பட்ட பிலிப்ஸ் என்பவர் இங்கிலாந்தில் வழக்காடினார். செல்லும் என்று 1870இல் தீர்ப்பானது. இந்த வழி நன்றாகவே நிலைத்துவிட்டது. 1915இல் இலங்கையில் ஆளுநர் சால்மர்ஸ் படைச்சட்டம் போட்டுச் சுட்டபோதும், பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் வாதாடியும், அதிகாரிகளுக்கு விலக்கு கிடைத்தது.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். சரி, அந்தக் காலத்து அளவுகோலையே எடுப்போம். தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் தலைமையில் அறிவியலாளர்கள் டார்வினும் ஹக்ஸ்லியும் எயர் மேல் கொலைக் குற்றம் சாட்ட நிதி திரட்டினார்கள். 1866இல் லண்டன் கிளெர்கென்வெல்லில் தொழிலாளர்கள் அவர் உருவபொம்மையை எரித்தார்கள். எயரைக் காக்க நின்ற எதிரணியில் எழுத்தாளர்கள் கார்லைல், ரஸ்கின், டென்னிசன், டிக்கன்ஸ். அனாதைச் சிறுவர்களுக்காக நம்மை அழவைத்த டிக்கன்ஸ் அந்த வரிசையில் நிற்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஜூரிகள் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எயரின் வழக்குச் செலவை அரசாங்கமே கொடுத்தது. ஓய்வுபெற்ற ஆளுநர் என்ற முறையில் 1874இல் ஓய்வூதியமும் வந்தது. 1901இல் டெவனில் சாகும்வரை வாங்கினார். உருவபொம்மையை எரித்தவர்கள் கட்டிய வரியும் அதில் சேர்த்திதான்.