ஆபரேஷனோடு செலவு முடிவதில்லை
விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஊர்கூடிப் பணம் திரட்டுவது பற்றிய கட்டுரையில் 'ஆபரேஷனுக்குப் பணம் சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது' என்று இருக்கிறது. தீராது. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பா மகன் தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டபோது ஊரே கொடுத்தது. அத்தனையும் ஆஸ்பத்திரிக்கே சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சிறுநீர்க் குழாய், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, பிசியோதெரபி என்று மாதாமாதம் செலவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட ஆள் வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். எங்கள் வட்டார வீடுகளில் வாசற்படியும் உயரம்; சாய்தளம் கட்டும்வரை அவன் தெருவையே பார்க்கவில்லை. 'ஒரே தடவை கொடுத்தால் போதும்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு: மாதம் 200 ரூபாய் என்று 30 பேர் ஓராண்டுக்கு ஒத்துக்கொண்டதுதான் எங்களைத் தாங்கியது. தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்தான். அதைச் சொன்ன அன்றுதான் தம்பி பயிற்சிக்குச் சம்மதித்தான்.